பூட்டும் காதும்: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பிள்ளைகளைக் காக்கும் விதம்

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு என்றாவது ஒருநாள் கைப்பேசியில் இப்படி ஒரு செய்தி வரும்: ‘உங்கள் பிள்ளையின் பள்ளி தற்போது செக்யூர் நிலையில் இருக்கிறது.’ படித்ததும் அடிவயிறு கலங்கும். தொலைக்காட்சியில் பார்த்த துப்பாக்கிச் சூடுகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறவர்களும் உண்டு.

ஓட வேண்டியதில்லை. ‘செக்யூர்’ என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே, அக்கம்பக்கத்தில் எங்கோ இருக்கிறது. நாலு தெரு தள்ளிப் போலீஸ் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டிருக்கலாம். வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே வழக்கம்போல் பாடம் நடத்துவார்கள். ‘ஹோல்டு’ அதைவிடச் சின்ன விஷயம்: நடைபாதையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்திருக்கும், ஸ்ட்ரெச்சர் போக வழி வேண்டும், எல்லாரும் வகுப்பிலேயே இருங்கள் என்பது. ‘எவாக்குவேட்’ என்றால் கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும். ‘ஷெல்டர்’ என்றால் சூறாவளிக்கோ ரசாயனக் கசிவுக்கோ ஒதுங்க வேண்டும். ஐந்தாவதான ‘லாக்டவுன்’ மட்டும்தான் ஆபத்து கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று சொல்வது: வகுப்புக் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாத மூலையில் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். 2006-இல் கொலராடோவில் பள்ளிக்குள் நுழைந்த ஒருவனிடம் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை வகுத்த முறை இது. இன்று ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இதுவே புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியும் இதைத்தான் பின்பற்றுகிறதா என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால், வேண்டாத பதற்றம் பாதியாகக் குறையும்.

செய்தியை அனுப்புவது பள்ளி மாவட்டம். நம் ஊர்க் கல்வி மாவட்டத்தைப்போல் சென்னையில் இருக்கும் துறைக்குக் கிளை அலுவலகம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் அது ஒரு குட்டி அரசாங்கம். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஸ்கூல் போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போர்டு சூப்பரின்டென்டன்ட் ஒருவரை நியமிக்கிறது. வீட்டு வரியில் பெரும்பங்கு அங்கே போகிறது. பேருந்து, சமையற்கூடம் எல்லாம் அதற்குச் சொந்தம். சில மாவட்டங்களுக்குச் சொந்தப் போலீஸே உண்டு. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேல். மாநிலச் சட்டம் குறைந்தபட்ச விதியைச் சொல்லும். மிச்சமெல்லாம் மாவட்டத்தின் கையில். அதனால் ஒரு ஊரில் இருக்கும் ஏற்பாடு ஐந்து மைல் தள்ளி அடுத்த ஊரில் இருக்காது. இதில் ஒரு நன்மையும் உண்டு. பெற்றோர் யாரும் போர்டு கூட்டத்துக்குப் போய், பெயர் கொடுத்து, மைக் முன்னால் நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது எளிது. ஆனால் நம்மவர்களில் அங்கே போகிறவர்கள் குறைவு.

பள்ளிப் பாதுகாப்பு என்றாலே இன்று துப்பாக்கிதான் பேச்சு. அமெரிக்கப் பள்ளிகள் ஏற்கெனவே ஒரு பெரிய எமனை ஜெயித்திருக்கின்றன என்பது பலருக்கு நினைவில்லை. தீ.

1908 மார்ச் 4 அன்று ஒஹையோவில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய காலின்வுட்டில் ஒரு பள்ளி எரிந்தது. படிக்கட்டின் அடியில், வாசலுக்குச் சில அடி முன்னால், பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நெரிபட்டார்கள். 172 பிள்ளைகள் போனார்கள். 1937 மார்ச் 18 அன்று கிழக்கு டெக்சாஸின் நியூ லண்டனில் நடந்தது அதைவிடக் கொடியது. எண்ணெய் வயலின் நடுவில் இருந்த அந்த மாவட்டம் நாட்டின் பணக்காரக் கிராமப்புற மாவட்டங்களில் ஒன்று. ஆனாலும் செலவை மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த மிச்ச வாயுக் குழாயில் இணைப்பு எடுத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கட்டடத்தின் அடியில் கசிந்து நிறைந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டதும் பள்ளியே வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் பிடித்த பொருளைக் கலந்தே விற்க வேண்டும் என்ற விதி பரவியது.

1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் படிக்கட்டடியில் தீப் பிடித்தது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அந்தக் கட்டடம் இரண்டு மாதத்துக்கு முன்புதான் தீயணைப்புத் துறையின் ஆய்வில் தேறியிருந்தது! புதிய விதிகள் வருவதற்கு முன்பே கட்டிய கட்டடம் என்பதால் அதற்கு விலக்கு இருந்தது. மாடிப்படியை மூடத் தீத்தடுப்புக் கதவு இல்லை, தண்ணீர் தெளிப்பான் இல்லை, அபாய மணி தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. இவை எதுவும் அன்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள்களும் அல்ல. இந்தச் சாவுக்குப் பிறகு மனம் மாறியது. அடுத்த ஓராண்டுக்குள் பல ஆயிரம் பள்ளிக் கட்டடங்களைச் சரிசெய்தார்கள். பழைய கட்டடம் என்ற சலுகை போனது. வெளியே தள்ளினால் திறக்கும் கதவு, மூடிய மாடிப்படி, நேரடி அபாய மணி, ஆண்டுக்குப் பல முறை தீ ஒத்திகை. அன்று முதல் இன்றுவரை அமெரிக்கப் பள்ளி எதிலும் ஒரே தீயில் பத்துப் பிள்ளைகள் இறந்ததில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகியபோது நாம் கேட்டதும் இதே கேள்விகள்தான்: கூரை ஏன் அப்படி இருந்தது, வழி ஏன் ஒன்றுதான் இருந்தது, ஆய்வு செய்தவர் எதைப் பார்த்தார்?

பேருந்தும் இப்படித்தான். 1939-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிப் பேசித்தான் பள்ளிப் பேருந்துக்கு அந்த மஞ்சள் நிறத்தை முடிவு செய்தார்கள். பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் ‘ஸ்டாப்’ பலகையை நீட்டினால், பின்னால் வரும் கார் நின்றே ஆக வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர அதைவிடப் பாதுகாப்பான வண்டி அந்த நாட்டில் இல்லை. நாம் ஓட்டும் கார் உட்பட.

துப்பாக்கிக்கு வருவோம். அளவை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும். அமெரிக்காவில் கொலையாகும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பள்ளியில் கொல்லப்படுகிறவர்கள் நூற்றுக்கு 3-க்கும் குறைவு என்கிறது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம். தெருவும் வீடும்தான் அதிக ஆபத்து. அதற்காகப் பள்ளியில் நடப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1999 ஏப்ரல் 20, கொலம்பைன். 2012 டிசம்பர் 14, சாண்டி ஹூக்: 20 பிள்ளைகள், பள்ளியில் வேலை பார்த்த 6 பேர். 2018 பிப்ரவரி 14, பார்க்லாந்து: 17 பேர். 2022 மே 24, யுவால்டி: 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள்.

தீக்குக் கதவும் மணியும் போதுமாக இருந்தன. இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பள்ளியில் சுடுகிறவன் பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கிற, அல்லது படித்த, பையன். எந்தக் கதவு எப்போது திறக்கும், ஒத்திகையின்போது எல்லாரும் எந்த மூலையில் ஒதுங்குவார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. வெளியாளுக்காகப் போட்ட பூட்டு அவனைத் தடுக்காது.

கொலம்பைனுக்குப் பிறகு, ஜனாதிபதிகளுக்குக் காவல் இருக்கும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களைத் துருவிப் பார்த்தன. ‘சுடப்போகும் பையன் இப்படித்தான் இருப்பான்’ என்று ஒரு சாயலைக் கண்டுபிடிக்க முடியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒரு சாயல் இல்லை. நன்றாகப் படிக்கிறவனும் இருந்தான், தோற்றவனும் இருந்தான். நண்பர்கள் உள்ளவனும் இருந்தான், தனியனும் இருந்தான். ஆனால் வேறொன்று தெரிந்தது. பத்தில் எட்டுத் தாக்குதல்களில் வேறு யாராவது ஒருவருக்காவது விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஒருவர் ஏறக்குறைய எப்போதுமே கூடப் படிக்கும் பிள்ளை, நண்பன் அல்லது உடன்பிறந்தவர். பெரியவர்கள் காதுக்கு அது வரவில்லை. 2008 முதல் 2017 வரையிலான 41 தாக்குதல்களைப் பற்றி 2019-இல் வந்த அறிக்கை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: தாக்கியவர்கள் எல்லாருமே முன்பே மற்றவர்களைக் கவலைப்பட வைக்கும் விதத்தில் நடந்திருந்தார்கள், ஐந்தில் நான்கு பேர் சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளானவர்கள், துப்பாக்கியால் சுட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை எடுத்தது சொந்த வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2021 நவம்பர் 29. பதினைந்து வயதுப் பையன் வகுப்பில் தோட்டாக்களைப் பற்றிக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியை கவனித்தார். பள்ளியிலிருந்து தாய்க்குத் தகவல் போனது. மறுநாள் காலை அவனுடைய கணக்குத் தாளில் துப்பாக்கிப் படமும் ரத்தம் சிந்தும் உருவமும் உதவி கேட்கும் சொற்களும் இருந்தன. கவுன்சிலர் பெற்றோரை வரவழைத்தார், பையனுக்கு உடனே சிகிச்சை தேவை என்றார். வேலை இருக்கிறது என்று பெற்றோர் அவனை அழைத்துப்போகவில்லை. நாலு நாள் முன்புதான் வீட்டில் துப்பாக்கி வாங்கியிருந்ததையும் சொல்லவில்லை. பையனைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பினார்கள்; புத்தகப் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதில்தான் இருந்தது. சில மணி நேரத்தில் நாலு மாணவர்கள் இறந்தார்கள். 2024-இல் தாய்க்கும் தகப்பனுக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை.

ஆசிரியைக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது, கவுன்சிலருக்குக் கொஞ்சம், பெற்றோருக்கு மிச்சம். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. அந்த மேசையைப் போடுவதுதான் இன்று நல்ல மாவட்டங்கள் செய்யும் முக்கியமான வேலை. அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு என்று அதைச் சொல்லலாம். தலைமையாசிரியர் அல்லது துணைத் தலைமையாசிரியர், கவுன்சிலர் அல்லது உளவியலாளர், ஒரு போலீஸ் அதிகாரி, பிள்ளையை அறிந்த ஆசிரியர் ஆகியோர் உட்கார்ந்து பேசுவார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டூயி கார்னெல் குழுவினர் உருவாக்கிய முறை பல மாவட்டங்களில் இருக்கிறது. 2013-இல் வர்ஜீனியா தன் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்கியது.

இந்த முறையின் சூட்சுமம் எளிது. ‘உன்னைக் கொன்னுடுவேன்’ என்று கோபத்தில் கத்தும் பையன்களில் ஏறக்குறைய எல்லாருமே அடுத்த மணி நேரத்தில் அதை மறந்துவிடுவார்கள். அவனைப் பள்ளியைவிட்டு நீக்கினால் கெட்டுப்போவதுதான் மிச்சம். கேட்க வேண்டியது அவன் என்ன சொன்னான் என்பது மட்டுமல்ல: திட்டம் இருக்கிறதா, ஆயுதம் கைக்கு எட்டுமா, யாரையாவது குறிவைத்திருக்கிறானா, வாழ்க்கையில் சமீபத்தில் எதை இழந்தான்? ஆபத்து இல்லையென்றால் மன்னிப்புக் கேட்க வைத்து, சண்டையின் மூலத்தைத் தீர்த்து விட்டுவிடுவார்கள். ஆபத்து உண்டென்றால் போலீஸ், சிகிச்சை, வீட்டில் ஆயுதத்தைப் பூட்டிவைத்தல் எல்லாம் ஒன்றாக நடக்கும். இதில் நீக்கம் குறைகிறது, உதவி கூடுகிறது. தண்டனையை மட்டுமே ஒழுங்கு என்று நினைக்கும் பள்ளிகளுக்கு இதை ஏற்றுக்கொள்ள நாளாகிறது.

கூடப் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்தது பெரியவர் காதுக்கு எட்ட ஒரு வழி வேண்டும். ‘கோள் சொல்லி’ என்று பெயர் வாங்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. அதற்காகத்தான் பெயர் சொல்லாமல் தகவல் தரும் தொலைபேசியும் செயலியும் வந்தன. கொலராடோவின் ‘சேஃப் டூ டெல்’ கொலம்பைனின் விளைவாக 2004-இல் தொடங்கியது. மிச்சிகன், யூட்டா போன்ற மாநிலங்களில் வேறு பெயர்களில் இருக்கின்றன. நடக்கவிருந்து தடுக்கப்பட்ட 67 தாக்குதல் திட்டங்களை 2021-இல் சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தபோது, அவற்றை அம்பலப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே என்று தெரிந்தது.

என் கண்ணுக்கு இதில் முக்கியமாகப்படுவது வேறு. துப்பாக்கிக்காரனைப் பிடிக்கவென்று திறந்த அந்தத் தொலைபேசிக்கு வரும் தகவல்களில் துப்பாக்கியைப் பற்றியவை சிறு பங்கு. கொலராடோவில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது தற்கொலை எண்ணம்: ‘என் தோழி செத்துப்போகிறேன் என்கிறாள், யாராவது பாருங்கள்.’ அடுத்து சீண்டல், போதை, தன்னைத்தானே வெட்டிக்கொள்வது. பாதுகாப்புக்கென்று வைத்த காதில் துயரம்தான் விழுகிறது. பாதுகாப்புக்கு ஒரு பிரிவு, மாணவர் நலனுக்கு வேறொரு பிரிவு என்று மாவட்டங்கள் நடத்திவந்த கணக்கு தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2021-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 42 விழுக்காட்டினர் நீங்காத சோகமோ நம்பிக்கையின்மையோ இருப்பதாகச் சொன்னார்கள். மாணவிகளில் 57 விழுக்காடு. 2023-இல் அது 40, 53 என்று கொஞ்சம் இறங்கியது. தற்கொலையைத் தீவிரமாக நினைத்தவர்கள் ஐந்தில் ஒருவர். இவர்களோடு பேச ஆள் எங்கே? பள்ளிக் கவுன்சிலர் சங்கம் 250 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. நாட்டுச் சராசரி 380-க்குப் பக்கத்தில். அந்த ஒருவரே பாட அட்டவணையும் போட வேண்டும், கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுத வேண்டும், தேர்வு மேற்பார்வையும் பார்க்க வேண்டும். அழுகிற பிள்ளைக்கு மிச்சமிருக்கும் நேரம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் சின்ன ஏற்பாடுகளும் மதிப்புள்ளவை. கலிபோர்னியாவில் 7-ஆம் வகுப்பு முதல் மாணவர் அடையாள அட்டையில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அச்சிட வேண்டும் என்பது சட்டம். நாடு முழுவதற்குமான 988 என்ற எண் 2022 ஜூலையில் வந்தது.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது: நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது. வளரிளம் பருவத்து உடம்பு இரவில் தாமதமாகத்தான் தூங்கப் போகும். அது சோம்பல் அல்ல. சொல்வது எளிது. ஒரே பேருந்து முதலில் பெரிய பிள்ளைகளையும், பிறகு திரும்பி வந்து சின்னப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வதால், ஒரு பள்ளியின் மணியை மாற்றினால் ஊரின் பேருந்து அட்டவணை முழுவதும் கலையும், ஓட்டுநர்களும் கிடைப்பதில்லை. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 8.30 என்ற சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. புளோரிடா 2023-இல் இதேபோல் சட்டம் போட்டு, மாவட்டங்கள் செலவைக் காட்டிப் புலம்பியதும் 2025-இல் கைவிட்டது. பிள்ளைகளின் மனநலம் சில நேரம் டீசல் செலவில் தீர்மானமாகிறது.

சாப்பாட்டைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவும் மெய்ன் மாநிலமும் 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல், முதலில் இலவசச் சாப்பாடு தரத் தொடங்கின. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஏழைப் பிள்ளை என்று வரிசையில் தனியாகத் தெரிய வேண்டாம் என்பதே அதில் பெரிய நன்மை.

இனிக் கதவுக்குத் திரும்பலாம். காது முக்கியம் என்றதால் பூட்டு வேண்டாம் என்று ஆகிவிடாது. யுவால்டியைப் பற்றி டெக்சாஸ் சட்டமன்றக் குழு 2022 ஜூலையில் தந்த அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். 111-ஆம் எண் வகுப்பின் கதவுப் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரிந்ததே. சாவி தட்டுப்பாட்டால் ஆசிரியர்கள் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லையும் காந்தத்தையும் வைத்துச் சமாளித்தார்கள். வைஃபை சரியில்லாததால் எச்சரிக்கைச் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் இருந்தது. மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால், போலீஸ் துரத்தும் கார்களிலிருந்து ஆட்கள் குதித்து ஓடும்போதெல்லாம் பள்ளிக்கு எச்சரிக்கை வரும். பிப்ரவரி முதல் மே வரை மட்டும் ஐம்பதை நெருங்கும் எச்சரிக்கைகள். அன்று வந்ததையும் அதில் ஒன்று என்றே சிலர் நினைத்துவிட்டார்கள். 376 போலீஸார் வந்து சேர்ந்தும், உள்ளே நுழைந்து சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது.

பூட்டைப் பழுது பார்க்க ஆகும் செலவு எவ்வளவு? பிறகு கட்டட வாசல்களில் போடும் ஸ்கேனர்களுக்கும் கேமராக்களுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. வாங்குவதற்கு எப்போதும் பணம் கிடைக்கிறது, பராமரிப்புக்குத்தான் கிடைப்பதில்லை. விற்பனையாளர்கள் பராமரிப்பை விற்பதில்லை என்பதும் ஒரு காரணம். புதுக் கருவியெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. பார்க்லாந்தில் இறந்த ஒரு மாணவியின் பெயரில் நியூ ஜெர்சியும் புளோரிடாவும் வேறு சில மாநிலங்களும் போட்ட சட்டப்படி, ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினால் போலீஸுக்கு நேரடியாகத் தகவல் போகும். மாரடைப்புக்கும் வலிப்புக்கும்கூட அது உதவும்.

ஆயுதம் தாங்கிய போலீஸ்காரரைப் பள்ளியிலேயே நிறுத்துவது பற்றி அங்கே ஓயாத சண்டை. 1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளித் துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்து 2021-இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை, ஆயுதக் காவலர் இருந்ததால் பாதிப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. பார்க்லாந்தில் காவலர் இருந்தார். கட்டடத்துக்கு வெளியே நின்றார். மறுபக்கம், பள்ளிக்குள் போலீஸ் இருக்கும்போது, முன்பு தலைமையாசிரியர் அறையில் முடிந்த சின்னச் சண்டைகள் கைதில் முடிகின்றன. கைதாகிறவர்களில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு அவர்கள் எண்ணிக்கைக்கு மீறியது. பிள்ளைகளின் பெயர் தெரிந்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நல்ல காவலர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உதவுவது பெரும்பாலும் காதால்தான், துப்பாக்கியால் அல்ல.

ஒத்திகையிலும் அளவு வேண்டும். கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கப் பழக்குவது சரி. முகமூடி ஆளை ஓடவிட்டு, வெற்றுத் தோட்டா வெடித்து, போலி ரத்தம் பூசி ‘நிஜம்போல்’ நடத்துவது அபத்தம். 2019-இல் இந்தியானாவில் ஒரு பயிற்சியில் ஆசிரியைகளையே முழந்தாளிட வைத்துப் பிளாஸ்டிக் குண்டால் சுட்டார்கள். அடுத்த ஆண்டே குழந்தை மருத்துவர்கள் சங்கம் இத்தகைய ஒத்திகைகளை எதிர்த்து அறிக்கை விட்டது. நியூயார்க் மாநிலம் 2024-இல் அவற்றைத் தடை செய்தது.

தமிழ்க் குடும்பங்களுக்குச் சில சொற்கள். பேரனை அழைத்துவர ஆசையாகப் பள்ளிக்குப் போகும் தாத்தா பாட்டி, பாஸ்போர்ட்டையே நீட்டினாலும், அழைத்துச் செல்வோர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசா வந்தவுடன் மகனோ மகளோ அவர்கள் பெயரை அவசரகாலப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். லாக்டவுன் முடிந்து பிள்ளைகளை வேறொரு இடத்தில் ஒப்படைக்கும்போது பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான்.

அடுத்தது அடி. பிள்ளை பள்ளியில் ‘அப்பா பெல்ட்டால் அடித்தார்’ என்று சொன்னால், அதைக் குழந்தை நலத் துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. அவர் நம் எதிரி அல்ல; சொல்லாவிட்டால் குற்றம் அவர்மேல் வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது, மிசிசிப்பி, அலபாமா போன்ற மாநிலங்களில் இன்னும் அப்படித் தடை இல்லை, மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும்.

கவுன்சிலர் கூப்பிட்டால் ‘என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?’ என்று சீறும் அப்பாக்களை நம் வட்டத்தில் நிறையப் பார்க்கலாம். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் அது. பள்ளி அந்த விவரத்தை வெளியாருக்குச் சொல்வதை 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆங்கிலம் தடையென்றால் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது மாவட்டத்தின் பொறுப்பு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. மதிப்பெண் குறைந்தால் பத்து மின்னஞ்சல் அனுப்பும் நாம், பிள்ளை மூன்று வாரமாக யாரோடும் சாப்பிட உட்காராமல் இருப்பதற்கு ஒன்றும் அனுப்புவதில்லை.

அடுத்த ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை கேமரா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு கவுன்சிலர், அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தது, சாத்தாத வகுப்புக் கதவுகள் எத்தனை என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் 250-க்குள் இருந்தால் உங்கள் மாவட்டம் நல்ல மாவட்டம். 400-ஐத் தாண்டினால், பட்ஜெட்டுக்குக் கை தூக்கும் நாளுக்குள் இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.